குடும்பக் கணக்கில் குடல் புற்று

தூத்துக்குடியில் புற்றுநோய் என்றாலே பேச்சு ஸ்டெர்லைட்டில் போய் முடியும். மாசு பற்றிய அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. 2018-இல் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 பேரைப் பலிகொடுத்த ஊர் இது. ஆயினும் ஒரே குடும்பத்தில் இருவர் மூவருக்கு, அதுவும் 50 வயதுக்கு முன்பே, பெருங்குடல் புற்று வருமானால் மரபணுவையும் ஐயுற வேண்டும். இந்நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு லிஞ்ச் எனும் மரபுக் குறைபாடே காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி.

முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் மலக்குடல் புற்றால் இறந்தார். சீதபேதி என்றே முதலில் கருதினார்கள். அத்துயரமே 1954-இல் அடையாறு மருத்துவமனையாயிற்று. அன்று அறிகுறி கண்டும் பிடிபடாத நோயை, இன்று இத்தகைய குடும்பங்களில் அறிகுறிக்கு முன்பே தடுக்கலாம். திரிபு உள்ளவர் ஓரிரு ஆண்டுக்கொருமுறை கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். இல்லாதவருக்கு அக்கவலை விட்டது. நோயாளியின் உடன்பிறந்தாருக்கான மரபணுச் சோதனைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பேன். முற்றிய புற்றுக்கான செலவில் அது சிறு பகுதிதான்.