சிங்கப்பூர் டூரிஸ்ட் பாஸ்: 29 டாலர் கொடுத்து எடுக்கணுமா, வேண்டாமா?

"ஏம்மா, அந்த டூரிஸ்ட் பாஸை இப்பவே புக் பண்ணிடவா? ஏஜென்ட் நச்சரிக்கிறார்."

போன வாரம் திருச்சியிலிருந்து மாமா அனுப்பிய வாய்ஸ் நோட் இது. மாமா, அத்தை, காலேஜ் படிக்கும் அவர்கள் மகன் என மூன்று பேரும் முதல்முறையாகச் சிங்கப்பூர் போகிறார்கள். திருச்சியிலிருந்தே நேரடி விமானம். சாயங்காலம் போய் இறங்கி, நடுவில் மூன்று முழு நாள் சுற்றிவிட்டு, ஐந்தாம் நாள் திரும்புகிறார்கள். ரூம் லிட்டில் இந்தியாவில்.

"வேண்டாம் மாமா" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "எவ்வளவு வேணும்னாலும் சுத்தலாமாமே, அப்புறம் ஏன் வேண்டாங்கற?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு ஒருமுறை நானே தப்பாகப் பதில் சொல்லி, காசையும் அம்மாவின் முழங்காலையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

முதலில் பாஸ் என்ன தருகிறது என்று பார்த்துவிடலாம். எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி. ரயில்கள், ஊருக்குள் ஓடும் சாதாரண பஸ்கள் எல்லாவற்றிலும் கணக்கே இல்லாமல் ஏறி இறங்கலாம். ஒரு நாளைக்கு 17 சிங்கப்பூர் டாலர், இரண்டு நாளைக்கு 24, மூன்று நாளைக்கு 29. டாலரை 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாள் பாஸ் ஓர் ஆளுக்கு சுமார் 2,000 ரூபாய். பழைய யூடியூப் வீடியோக்களில் 10 டாலர், 20 டாலர் என்று சொல்லியிருப்பார்கள். அது முந்தைய விலை. டெபாசிட் கட்டி, கார்டைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் காலத்து விலை. அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

செந்தோசா தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் இந்தப் பாஸில் வராது. அதற்குத் தனியாக 4 டாலர். அதுவும் உள்ளே போகும்போது மட்டும்தான், திரும்பி வர இலவசம். ஹார்பர்ஃபிரன்ட்டில் இறங்கி நடைபாலம் வழியாகப் போனால் அந்த 4 டாலரும் மிச்சம். நம்மூர் ஆட்கள் கட்டாயம் ஏறுகிற இந்த ரயிலுக்கே பாஸ் செல்லாது என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

எத்தனை தடவை ஏறினால் லாபம்?

பாஸ் இல்லாமல் கார்டை டேப் பண்ணிப் போனால், தூரத்துக்கு ஏற்ற கட்டணம். குறைந்தபட்சம் ஏறக்குறைய ஒன்றேகால் டாலர், அதிகபட்சம் இரண்டரை டாலர். வருஷா வருஷம் சில காசு ஏறும் என்பதால் போகும் முன் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. அந்த அதிகபட்சக் கட்டணம் 40 கிலோமீட்டர் தாண்டினால்தான் வரும். அந்த நாட்டின் நீளமே 50 கிலோமீட்டர் அளவுதான்!

ஆக, ஒரு நாள் பாஸுக்குப் போட்ட 17 டாலரை எடுக்க, நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஏழு தடவை போய் வரணும். சாதாரணமாக டூரிஸ்ட் போகும் தூரங்களுக்கு ஒன்றரை டாலர் சொச்சம்தான் ஆகும். அப்படிப் பார்த்தால் பத்து தடவை ஏறணும். ஒரு நாளில் பத்து தடவை ரயில் ஏறினால் ஊரை எப்போது பார்ப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ் என்று 45 நிமிடத்துக்குள் மாறினால், அது புதுப் பயணமாகக் கணக்கில் வராது. இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை இப்படி மாறலாம். மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம். "மூணு வண்டி மாறணுமே, பாஸ் இருந்தா நல்லது" என்று நினைப்பது சென்னைப் பழக்கம். அங்கே அந்த மூன்று வண்டியும் ஒரு டிக்கெட்தான்.

சரி, மாமாவின் லிஸ்டையே எடுத்துக்கொள்வோம். முதல் முழு நாள்: லிட்டில் இந்தியாவிலிருந்து பேஃபிரன்ட். டவுன்டவுன் லைனில் நான்கே ஸ்டாப். கார்டன்ஸ் பை தி பே, மெரினா பே, மெர்லயன் எல்லாமே அங்கிருந்து நடை தூரம். பிறகு சைனாடவுன், அங்கிருந்து ரூம். மொத்தம் மூன்று பயணம். இரண்டாம் நாள் செந்தோசா. வடகிழக்கு லைனில் ஒரே ரயில், போக ஒன்று, வர ஒன்று. மூன்றாம் நாள் மண்டாய் உயிரியல் பூங்கா. நடுவில் பஸ் மாறினாலும் போக ஒன்று, வர ஒன்று. ஆக மூன்று நாளில் ஏழு பயணம்.

இந்த ஏழையும் அதிகபட்சக் கட்டணத்திலேயே போட்டாலும் 17.50 டாலர். நம் வெளிநாட்டு பேங்க் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு தனிக் கட்டணம் பிடிப்பார்கள். அதையும் சேர்த்தால் 19.30. பாஸ் 29. உண்மையான தூரத்துக்குப் போட்டால் எனக்கு 13, 14 டாலருக்கு மேல் வரவே இல்லை. ஏர்போர்ட் போகிற, வருகிற இரண்டு நாளும் மூன்று நாள் பாஸில் எப்படியும் அடங்காது.

"சரிம்மா, ஏர்போர்ட்டிலேயே ஆரம்பிச்சுட்டா?" இது மாமாவின் அடுத்த கேள்வி. இங்கேதான் நான் விழுந்தேன்.

எங்க வீட்டுக் கதை

இரண்டு வருஷம் முன்னாடி அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது மூன்று பேருக்கும் மூன்று நாள் பாஸ் எடுத்தோம். பேக்கேஜ் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் "இறங்கினதுமே ஆரம்பிச்சுடுங்க" என்றார். நாங்கள் இறங்கியது ராத்திரி ஏழு மணிக்கு. பாஸில் நாள் என்றால் 24 மணி நேரம் கிடையாது. அன்றைக்கு ரயில், பஸ் ஓடி முடிகிற வரைக்கும்தான் ஒரு நாள். ஏர்போர்ட்டிலிருந்து ரூமுக்கு வந்த ஒரு பயணத்தோடு மூன்றில் ஒரு நாள் காலி. அந்தப் பயணத்துக்குக் கையிலிருந்து கொடுத்திருந்தால் இரண்டு டாலர் ஆகியிருக்கும். பாஸ் மேல் தப்பில்லை, நான்தான் படிக்கவில்லை.

இழந்த நாளை ஈடுகட்டணும் என்று அதன் பிறகு எனக்கு ஒரு வெறி. அடுத்த நாள் கார்டன்ஸில் ராத்திரி லைட் ஷோ முடிந்தது. அம்மா "போய் ஏதாவது சாப்ட்டுப் படுக்கலாம்டி" என்றார். "பாஸ் இருக்கும்மா, சும்மாதானே, ஆர்ச்சர்ட் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று நான் இழுத்தேன். ஆர்ச்சர்டில் ஒரு கடைக்குள்கூட நுழையவில்லை. திரும்பும்போது டோபி காட்டில் லைன் மாறணும். அந்த ஸ்டேஷனுக்குள் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குப் போகும் நடை முடியவே முடியாது. பாதியில் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க, நான் கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்" என்றார். எங்கே வருவார்? ஊரும் தெரியாது, போனில் சிம்மும் இல்லை. இருபது நிமிஷம் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது அம்மா கைப்பிடியை விடவே இல்லை.

அப்பா எதற்கும் கணக்கு எழுதுகிறவர். ஊருக்கு வந்ததும் ஏறிய ஸ்டேஷன், இறங்கிய ஸ்டேஷன் எல்லாவற்றையும் ஹோட்டல் பில்லின் பின்பக்கம் எழுதிக் கூட்டிப் பார்த்தார். ஆளுக்குப் பாதிக் காசைக்கூட நாங்கள் ஓட்டி எடுக்கவில்லை. கையில் பாஸ் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரி ஆர்ச்சர்ட் போயிருக்கவே மாட்டோம். இதை அப்பா சொல்லவில்லை, நானே யோசித்தது.

நம்மூர் பஸ் பாஸ் வேறு மாதிரி. எம்.டி.சி.யில் 1,000 ரூபாய் கொடுத்து மாசப் பாஸ் எடுப்பவருக்கு, தினமும் எங்கே ஏறுவோம், எத்தனை தடவை ஏறுவோம் என்று தெரியும். ஆபீஸுக்கு எப்படியும் போயாகணும். டூர் போகிறவருக்கு அந்த விவரம் தெரியாது. விமானத்தில் ஏறும் முன், ஆறு இடம் பார்த்துவிடுவோம் என்ற உற்சாகத்தில் பாஸ் எடுக்கிறார். வெயிலில் இரண்டு இடம் பார்த்ததும் ஏ.சி. மாலில் உட்கார்ந்துவிடுகிறார்.

கையில் என்ன கார்டு இருக்கு?

பாஸ் வேண்டாம் என்றால் என்ன செய்வது? கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு இருந்தால் கேட்டில் அப்படியே டேப் பண்ணிப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ்ஸும் ஆரம்பத்தில் ஆஃப் ஆகித்தான் வரும். பேங்க் ஆப்பில் போய் நாமே இரண்டையும் ஆன் பண்ணணும். பேங்க் தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் போடும். பயணக் கட்டணம் சின்னத் தொகை என்பதால் இது பெரிதாகக் கடிக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் எஸ்.எம்.எஸ். வராது, சேர்த்து வைத்து எடுப்பார்கள். வரவில்லையே என்று பதறாதீங்க.

ஓர் ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டை மூன்று பேருக்கும் டேப் பண்ண முடியாது. ஏறிய கார்டிலேயே இறங்கணும். பஸ்ஸில் இறங்கும்போதும் மறக்காமல் டேப் பண்ணணும். மறந்தால் அந்த பஸ் போகும் கடைசி ஸ்டாப் வரைக்குமான கட்டணம் போய்விடும். நம்மூரில் இறங்கும்போது கண்டக்டரிடம் எதுவும் காட்டிப் பழக்கமில்லை என்பதால் முதல் நாள் எல்லோருமே இதில் மாட்டுவோம்.

அத்தையிடம் இருப்பது ரூபே டெபிட் கார்டு மட்டும். அது கேட்டில் வேலை செய்யாது. அத்தைக்கு ஈஸி-லிங்க் கார்டு வாங்கிக்கொள்ளலாம். கார்டுக்கு மட்டும் 5 டாலர், அது திரும்பக் கிடைக்காது. மேலே பணம் ஏற்றிக்கொள்ளணும். இதை வைத்துப் பார்த்தால் மூன்று நாள் பாஸுக்கும் ஈஸி-லிங்க்குக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 24 டாலர். நாளைக்கு 8 டாலருக்கு மேல், அதாவது ஐந்து தடவைக்குக் குறையாமல் ரயில் ஏறினால்தான் பாஸ் ஜெயிக்கும். அத்தை அப்படி ஏறுகிறவர் இல்லை.

யாருக்குத்தான் பாஸ் சரிப்படும்? நண்பர்கள் நான்கைந்து பேர், ரூம் ஊர் ஓரத்தில், மதியம் ரூமுக்கு வந்து குளித்துவிட்டு மறுபடி கிளம்புகிற ரகம், ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு ஏரியா, காபிக்கு இன்னொரு ஏரியா என்றால் மூன்று நாள் பாஸை யோசிக்கலாம். ஒரு நாள் பாஸை யாருக்கும் சொல்ல மாட்டேன். கார்டு, பேலன்ஸ் என்று எதையும் யோசிக்கவே பிடிக்காது, நிம்மதிதான் முக்கியம் என்பவர்களும் எடுக்கட்டும். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, ஆளுக்கு 1,000 ரூபாய் அதற்குச் சரி என்று தோன்றினால் சரி. அதை 'மிச்சம்' என்று ஏஜென்ட் விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இது சிங்கப்பூருக்கு மட்டுமான கதையும் இல்லை. ஜப்பானின் ஜே.ஆர். பாஸ் ஏழு நாளைக்கு 29,650 யென்னாக இருந்தவரை, டோக்கியோ - கியோட்டோ புல்லட் ரயிலில் போய் வந்தாலே கிட்டத்தட்ட காசு வந்துவிடும். 2023 அக்டோபரில் அதை 50,000 ஆக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பாஸ், ஒரே நாளில் கால்குலேட்டர் இல்லாமல் தொடக்கூடாத பாஸ் ஆகிவிட்டது. லண்டனில் இந்தத் தலைவலியே இல்லை. கார்டை டேப் பண்ணிப் போய்க்கொண்டே இருந்தால், ஒரு நாளின் உச்சவரம்பு வந்ததும் அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள். எத்தனை தடவை ஏறுவோம் என்று டூரிஸ்ட் முன்கூட்டியே பந்தயம் கட்டத் தேவையில்லை. இவ்வளவு கச்சிதமாக ரயில் ஓட்டுகிற சிங்கப்பூர், டூரிஸ்டுக்கும் அப்படி ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் இந்தப் பாஸுக்கே வேலை இருக்காது.

இதையெல்லாம் சுருக்கி மாமாவுக்கு ஆறு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது. "சரிம்மா, பாஸ் வேண்டாம்னு ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன். என் கார்டுலயும் தம்பி கார்டுலயும் அந்த ரெண்டையும் ஆன் பண்ணிட்டோம். உங்க அத்தை கேக்குறா, முஸ்தபா கடைக்கு எந்த ரயில்ல போகணும்?"

அவர்கள் ரூமிலிருந்து முஸ்தபாவுக்கு நடந்தே போகலாம்.