மரண அறிவித்தலில் மட்டும் வாழும் பெயர்கள்

தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுள் ஆசிரியர் தலையங்கத்தைப் படியாதவர்கள் பலர் உளர். மரண அறிவித்தல்களைப் படியாதவர்கள் மிகச் சிலரே. பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் உழன்றவன் என்ற வகையில் இதனைச் சற்று வருத்தத்துடனேயே சொல்கிறேன். ஆயினும் அந்தப் பக்கத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. எம்மவர் தம் பெண் குழந்தைகளுக்கு என்னென்ன பெயர்களைச் சூட்டினர் என்பதை அதனைப் போலத் தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை.

வழக்கமான அறிவித்தல் ஒன்றைக் கவனியுங்கள். காலமானவர் ஓர் அன்னலட்சுமியாகவோ, நாகம்மாவாகவோ, தெய்வானைப்பிள்ளையாகவோ இருப்பார். அவருடைய பாசமிகு புதல்விகளாக மகேஸ்வரியும் சறோஜினியும் வருவர். பேர்த்திகளின் வரிசையில் சுகந்தி, தர்சினி, பிரியதர்சினி. பூட்டப்பிள்ளைகளை எட்டும்போது டிலக்சிகா, யதுர்சிகா என்றாகிவிடும். ஓர் அறிவித்தலுக்குள் ஏறத்தாழ நூறாண்டு அடங்கிவிடுகிறது. ஆனால் தடித்த எழுத்தில் தலைப்பிலே உள்ள பெயர் கடைசி வரியில் மீண்டும் வருவது மிக அரிது. அந்த அம்மையாரோடு அவருடைய பெயரும் போய்விடுகிறது.

எமது மொழி இதனை எதிர்பார்க்கவில்லை. பேரன், பேர்த்தி என்னும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபு. மூத்தவரின் பெயரைத் தாங்குபவர் என்பதே அவற்றின் பொருள். யாழ்ப்பாண வழக்கில் பாட்டனையே பேரன் என்றும் பாட்டியைப் பேத்தி என்றும் சொல்வதுண்டு. பெயரைத் தந்தவருக்கும் பெற்றவருக்கும் ஒரே சொல்! உறவையே பெயரால் குறித்த ஓர் இனம் இன்று அந்தப் பெயர்களைக் கைவிட்டு நிற்கிறது.

இதில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இழப்பு அதிகம். எமது வழக்கில் பிள்ளையின் பெயரோடு தந்தையின் பெயர் சேர்ந்து வருகிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் பாட்டனாரின் பெயரே குடும்பப் பெயராகிவிட்ட வீடுகளும் உண்டு. இதனால் கந்தையாவும் சின்னத்தம்பியும் கனடியக் கடவுச்சீட்டுகளிலும் பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டங்களிலும் தொடர்ந்து வாழ்கின்றனர். கந்தையாவின் மனைவி செல்லம்மாவுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. யாராவது ஒரு பேர்த்திக்கு வைத்தாலன்றி அவர் பெயர் எங்கும் எஞ்சாது.

அப்படியாயின் இன்று பெயர்கள் எவ்வாறு தெரியப்படுகின்றன? குழந்தை பிறந்ததும் பஞ்சாங்கத்தைப் புரட்டி நட்சத்திரத்துக்குரிய எழுத்தைத் தேடுகிறோம். திருவாதிரைக்கு உரிய எழுத்துகளுள் ஒன்று 'ங' என்பதைக் கண்டு திகைக்கிறோம். பின்னர் எண்சோதிடரிடம் ஓடி ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கழிக்கிறோம். ஈற்றில் பிறப்பது எந்த மொழியிலும் பொருளில்லாத ஓர் ஒலிக்கோவை. பெயரின் பொருள் என்னவென்று கேட்டால் பெற்றோர் இணையத்தளத்தைத் தேடுகின்றனர்.

பழைய பெயர் வேண்டுமென்று விரும்புவோரும் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் விரும்பும் பழமை விசித்திரமானது. ஆயிரம் ஆண்டுப் பழமையான பெயரென்றால் பெருமையோடு வைக்கின்றனர். எண்பதாண்டுப் பழமையென்றால் முகஞ்சுளிக்கின்றனர். குந்தவை வேண்டும், கனகம்மா வேண்டாம். குந்தவையை எவரும் அடுப்படியில் கண்டதில்லை, கனகம்மாவைக் கண்டிருக்கிறோம். அந்தப் புகையும் வறுமையும் பெயரில் ஒட்டியிருப்பதாக எண்ணுகிறோம். தொன்மையான பெயர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பது வேறு கதை. பாரி மகளிரின் பெயர்களென மரபு கூறும் அங்கவை, சங்கவை என்பவற்றை 2007இல் வெளிவந்த 'சிவாஜி' திரைப்படம் நிறத்தைக் கேலிசெய்யும் நகைச்சுவைக்குப் பயன்படுத்தியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய பெயர்கள் எல்லோருக்கும் இனிய நினைவல்ல. யாழ்ப்பாணச் சமூகத்தில் பெயரும் சாதியின் அடையாளமாக இருந்தது. ஒரு வீட்டில் கந்தையா என்றால் இன்னொரு வீட்டில் கந்தன். ஒரு வீட்டில் வள்ளியம்மை என்றால் இன்னொரு வீட்டில் வெறும் வள்ளி. ஐயா, பிள்ளை, அம்மை என்னும் மதிப்பு ஒட்டுகளை ஒடுக்கப்பட்டோர் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுவதை உயர்சாதியினர் எனப்பட்டோர் பொறுத்துக்கொள்ளவில்லை. மலையகத்திலும் தோட்டத்துப் பிள்ளை என்பதைப் பெயரைக் கேட்டவுடனேயே அறிந்துகொண்டு ஒதுக்கியவர்கள் இருந்தனர். மாரியாயியும் காளியம்மாவும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து குலதெய்வத்தின் நினைவாகக் கடல் கடந்து வந்த பெயர்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே பொருளில்லாத புதுப்பெயர்களைக் கண்டு நாம் சிரிக்கும்போது சற்று நிதானிக்க வேண்டும். எந்த ஊர், எந்தப் பகுதி, எந்தச் சாதி என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பெயர் பல தாய்மாருக்கு விடுதலையாக இருந்தது. டிலக்சிகாவிடம் எவரும் அந்தக் கேள்விக்கு விடைகாண முடியாது. அப்பெயரில் பொருள் இல்லாமலிருக்கலாம். அதனைச் சூட்டியதில் பொருள் இருந்தது. தன் பாட்டியின் பெயரில் ஓர் அவமானத்தைக் காணும் தாயிடம் மரபு பேச எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் காயம் இல்லாத வீடுகளிலும் பாட்டியின் பெயர் வேண்டாமென்று சொல்லப்படுகிறது. அங்கு கூறப்படும் காரணம், வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலிசெய்வார்கள் என்பதாகும். வள்ளி, பொன்னி, செல்லம்மா என்பவற்றைச் சொல்ல முடியாத வெள்ளைக்கார ஆசிரியை யதுர்சிகாவை மட்டும் எவ்வாறு சொல்லிவிடுவார் என்பது எனக்கு விளங்கவில்லை. அதே ஆசிரியையின் நாட்டில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தில் கொள்ளுப்பாட்டிமாரின் பெயர்களென ஒதுக்கப்பட்டிருந்த புளோரன்ஸ், ஐவி, எல்சி என்பன கடந்த இருபதாண்டுகளுக்குள் மீண்டும் விருப்பத்துக்குரிய பெயர்களாகிவிட்டன. அவர்கள் தம் கிழவிகளின் பெயர்களை மீட்டெடுக்கும்போது, அவர்களுக்கு அஞ்சி நாம் எமது கிழவிகளின் பெயர்களைப் புதைக்கிறோம்.

உலக அரங்கிலும் சான்றுகள் உண்டு. லண்டனில் 1975இல் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் இயற்பெயர் மாதங்கி. சுருக்கப் பெயரோடு புகழ் பெற்ற அவர், 2013இல் வெளியிட்ட இசைத்தொகுப்புக்குத் தம் இயற்பெயரையே தலைப்பாக்கினார். கமலா என்பது எமது ஊர்களில் பழசு என்று ஒதுக்கப்பட்ட பெயர். 2020இல் அதனை வேண்டுமென்றே பிழையாக உச்சரித்துக் கேலிசெய்த அமெரிக்க அரசியல்வாதிகளும் இருந்தனர். அடுத்த ஆண்டு சனவரியில் அப்பெயருடனேயே அவர் அந்நாட்டின் துணை சனாதிபதியாகப் பதவியேற்றார்.

பழைய பெயரில் ஊரும் இருக்கிறது. மாதுமை என்றால் திருக்கோணேச்சரத்து அம்பாள். நாகபூஷணி என்றால் நயினாதீவு. கண்ணகை என்றால் மட்டக்களப்பின் வைகாசிச் சடங்குகள் நினைவுக்கு வரும். ஊரைக் காணாமலே வளரப்போகும் பிள்ளைக்கு, ஊரைப் பற்றிச் சொல்லித்தர இதனிலும் எளிய வழி ஏது?

மாமியாரின் பெயரை மருமகள் எப்படிக் கூப்பிட்டு ஏசுவது என்ற பழைய சங்கடத்துக்கு எமது முன்னோர் விடை கண்டிருந்தனர். பதிவில் ஒரு பெயர், வீட்டில் ஒரு செல்லப்பெயர். தங்கச்சி என்றோ குஞ்சு என்றோ கூப்பிட்டு வேண்டியமட்டும் ஏசலாம்; பாட்டியின் மரியாதைக்குப் பங்கம் வராது.

இலங்கையில் பிறப்பைப் பதிவுசெய்ய 42 நாள்கள் அவகாசம் உண்டு. எண்சோதிடரிடம் செல்வதற்கு முன்னர், அந்த நாள்களுள் ஒன்றில், குழந்தையின் இரு பக்கத்துப் பாட்டிமார், பூட்டிமாரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர்கள் யார், என்ன பாடுபட்டனர், எதற்குச் சிரித்தனர் என்று வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். கேட்ட பின்னரும் புதுப்பெயரே வேண்டுமெனத் தாய் விரும்பினால் அதனையே வையுங்கள், முடிவு அவளுடையது. ஆனால் அந்தப் பட்டியலில் எத்தனை பெயர்கள் உங்களுக்கு நினைவில் இருக்கின்றன என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். தந்தைவழிப் பாட்டனாரை ஏழு தலைமுறைக்குச் சொல்லத் தெரிந்தவர்களுள் பலருக்கு, தாயின் தாயைப் பெற்றவளின் பெயர் தெரியாது.