எல்லாச் சரக்குக்கும் பெட்டகமா?



எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளைக் காணாத மாணவி நம் பள்ளியில் இருக்க முடியாது. நம்மைத் தாமதமாக்கும் அந்த இரும்புப் பெட்டியின் பெயரை மென்பொருள் உலகமும் கடன் வாங்கியிருக்கிறது. ஒரு நிரலையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி, வேறு கணினியில் அப்படியே இறக்கி இயக்குவதே மென்பொருள் கன்டெய்னர். 2013இல் வந்த டாக்கர் இதனைப் பரப்பியது. அதன் சின்னமே பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கலம்தான்!

இதனோடு பரவிய மற்றொரு பழக்கம் மைக்ரோசர்வீஸ். ஒரே நிரலாக எழுதாமல் பல சிறு நிரல்களாகப் பிரித்து, வலை வழியே ஒன்றோடொன்று பேச வைப்பது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2008இல் தரவுத்தளம் பழுதாகி, மூன்று நாள் டிவிடி அனுப்ப இயலாமல் தவித்தபின், பல்லாண்டு உழைத்து இம்முறைக்கு மாறியது. கோடிக்கணக்கான நேயர்களும் ஏராளமான பொறியாளர் குழுக்களும் உள்ள இடத்தில் இது பொருந்தும். ஒரு குழு மற்றதற்காகக் காத்திராமல் தன் பகுதியை மாற்றலாம் அன்றோ?

ஆனால் இரு மாணவியர் எழுதும் நூலகக் கணக்குக்கு இது எதற்கு? புத்தகம் கொடுத்ததை ஒரு நிரல் பதிகிறது. இருப்பைக் குறைக்க வேண்டிய நிரலுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கொடுத்த புத்தகம் அலமாரியிலும் இருப்பதாகக் கணக்கு காட்டும். பிழை எங்கே என்று இரண்டு பெண்களும் இரவெல்லாம் தேட வேண்டியதுதான். பெரியவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் கருவியைத் துண்டுகளாக அமைத்திருந்தது. பின் அவற்றை ஒன்றாகச் சேர்த்ததும் செலவு 90 சதவிகிதத்துக்கு மேல் குறைந்ததாக 2023இல் அக்குழுவே எழுதியது.

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. அதற்கென்று பாரந்தூக்கி, தளம், பெருங்கப்பல் எல்லாம் வேண்டும். காசிமேட்டிலோ மீன் இன்றும் கூடையிலும் ஐஸ் பெட்டியிலும் போகிறது. (இறால் ஏற்றுமதிக்குக் குளிர்பதனப் பெட்டகம் வேண்டும், மறுக்கவில்லை.) ஒரு கூடை வஞ்சிரத்தை நாற்பதடிப் பெட்டியில் ஏற்றச் சொன்னால் மீன்கார அக்கா நம்மை என்ன சொல்வார்?

"வேலைக்கான நேர்காணலில் இப்பெயர்களைத்தானே கேட்கிறார்கள்?" என்று பெற்றோர் வினவலாம். நியாயமே. கற்றுக்கொள்வோம். ஆயினும் எங்கே வேண்டாம் என்று காரணத்தோடு கூறத் தெரியாதவளுக்கு அடுத்த கேள்வியிலேயே நா வறண்டுவிடும்.

ஆகவே கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு விண்ணப்பம். "இம்முறையை ஏன் தேர்ந்தாய்?" என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள். ஒரே கோப்பில் எழுதப்பட்டு, நூலகச் சகோதரி மறுநாளே பயன்படுத்தக்கூடிய நிரலைக் கடைசி மேசைக்குத் தள்ளிவிடாதீர்கள்.