முதற்படத்தில் கடைசிப் பக்கம்



ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்தில், ஒரு வீட்டில் பழைய அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்றைக் கண்டேன். பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டியார் கொண்டு வந்தது. தாள் அப்பளமாய் நொறுங்குகிறது. வீட்டுப் பிள்ளைகள் முன்யோசனையோடு அதனைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து, நூல் முழுவதையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக வைத்திருந்தனர். கோப்பு மிகப் பெரியது; வளைகுடாவிலிருக்கும் உறவினரின் கைப்பேசியில் திறக்கவில்லை. ஆகவே பக்கத்துக்கு ஒரு படமாகப் பிரித்தனர். முதற்படத்தைத் திறந்தால், அது நூலின் கடைசிப் பக்கம்!

கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ் நூல்களைப் போலவே இதனையும் இடப்புற அட்டையிலிருந்து தொடங்கிவிட்டார். அரபுத் தமிழோ வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதன் முன்னட்டை வலப்புறம் இருக்கும்.

வரிசையை மாற்றியமைத்தால் போதும் என்றே நினைத்தோம். பழைய ஏடுகள் பலவற்றில், பக்கத்தின் அடியோரத்தில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதி வைத்திருப்பார்கள். பக்க எண் இடாத காலத்து ஏற்பாடு அது. இந்தக் கிதாபிலும் பக்கந்தோறும் அச்சொல் இருந்தது. ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் சொல் பொருந்தவில்லை. ஒட்டிக்கிடந்த இரு தாள்களை ஒன்றாகப் புரட்டியதில் இரண்டு பக்கங்கள் விடுபட்டிருந்தன. மூலநூலை அவர்கள் கழித்துவிடாதிருந்தது பெரும் பேறு. மெல்லப் பிரித்துப் பார்த்தால், அப்பக்கத்தின் ஓரத்தில் பாட்டியாரின் மூத்த மகன் பிறந்த ஹிஜ்ரித் தேதி! அவர் பிறந்த நாளை அதுவரை எவரும் அறிந்திருக்கவில்லை.

பிரிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களாலான கோப்பு என்றால், உள்ளேயிருக்கும் படங்களை அப்படியே வெளியே எடுப்பதே நலம். பாப்ளர் என்னும் இலவச மென்பொருள் தொகுப்பில் அதற்கு வழியுண்டு. புதிதாகப் படமாக்குவதானால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வையுங்கள். ஏ4 தாளுக்கு அது 2480க்கு 3508 புள்ளிகள் வரும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் எழுத்து மங்கிக்கொண்டே போகும். பாதுகாப்புப் பிரதிக்கு டிஃப் அல்லது பி.என்.ஜி. ஏற்றது, உறவினருக்கு அனுப்ப மட்டும் ஜேபெக்.

பெயரிடும்போது 1, 2 என்னாது 001, 002 என இடுங்கள். இல்லையேல் சில கணினிகள் 1க்கு அடுத்து 10ஐக் கொண்டுவந்து நிறுத்தும். 2004இல் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்திலும் சுவடிகளைப் பக்கவாரியாக, எண்ணிட்ட தனித்தனி டிஃப் படங்களாகவே சேமிக்கிறார்கள். ஒரு படம் பழுதானாலும் மற்றவை தப்பும் அல்லவா?

இவ்வளவும் கணினி செய்துவிடும். ஆனால் அடியோரச் சொல்லை அதனிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆரம்பாக்கத்து வீட்டில் அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் பாட்டியாரின் மகள் ஒருவரே. பேரன் ஒவ்வொரு படமாகத் திறக்க, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்துச் சொன்னார். இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின.