வெளியூர்ப் பயிற்சியாளரின் கடமை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் 1897 முதல் களத்தில் மோதிவருகின்றன. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரும் அரங்கம். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஓஹையோ வளாகப் பெயர்ப்பலகைகளில் மிச்சிகனைக் குறிக்கும் 'எம்' என்ற எழுத்து எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அதன்மேல் சிவப்பு நாடாவைக் குறுக்கே ஒட்டிவிடுவார்கள். வேற்று மாநிலத்திலிருந்து வரும் பயிற்சியாளருக்கு இது பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். பத்தோடு பதினொன்று என்று அவர் இந்த ஆட்டத்தைக் கருதினால், தலைமுறை தலைமுறையாக ஊர் காத்துவந்த ஒன்றை அவமதிக்கிறார் என்றே சொல்வோம்.

திறமை மட்டும் இங்கே போதாது. டென்னசியில் பிறந்த ஜான் கூப்பர், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக அணியை நடத்தி, 1987 ரோஸ் பௌல் ஆட்டத்தில் மிச்சிகனையே வீழ்த்தியவர். 1988இல் ஓஹையோ அணியின் பொறுப்பேற்றார். 13 பருவங்களில் 111 வெற்றிகள். ஆனால் மிச்சிகனுக்கு எதிராக 2 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமநிலை. 1995இலும் 1996இலும் தோல்வியே காணாமல் வந்த அவரது அணி, மிச்சிகனிடம் மண்ணைக் கவ்வியது. அவருக்குப் பின் வந்த ஜிம் டிரெஸ்ஸல், பதவியேற்ற சூட்டோடு ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கு வந்திருந்த கூட்டத்தின் முன் நின்று, 310 நாள் கழித்து நடக்கவிருந்த மிச்சிகன் ஆட்டத்தைப் பற்றி வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

டிரெஸ்ஸல் ஓஹையோ மண்ணில் பிறந்தவர், அதனால் அவருக்கு இது கைவந்தது என்பார்கள். ஏற்பதற்கில்லை. டெக்சாஸ் கல்லூரி ஒன்றிலிருந்து 1934இல் வந்த ஃபிரான்சிஸ் ஷ்மிட்டும் வெளியாள்தான். மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள் என்று அவர் தெம்பூட்டினார். அந்த ஆண்டு 34-0. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் மிச்சிகன் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மிச்சிகனை வெல்லும்போதெல்லாம் ஓஹையோ வீரர்களுக்குச் சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டைப் பதக்கம் வழங்கும் வழக்கம் அன்று பிறந்தது. அந்த ஊர் இன்று உயிராய் மதிக்கும் மரபுக்கு வித்திட்டவர் ஒரு வெளியூர்க்காரர்!

ஊருக்கும் கடமை உண்டு. நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்த ஓஹையோ பயிற்சியாளர் ரயன் டே, 2021 முதல் 2024 வரை மிச்சிகனிடம் தொடர்ந்து நான்கு முறை தோற்றார். அவருடைய குடும்பத்துக்கே மிரட்டல்கள் வந்தன. 2024 ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் வீரர்கள் தங்கள் கொடியை நடுக்களத்தில் நட முயல, கைகலப்பு மூண்டு, போலீசார் மிளகுப்பொடித் திரவத்தைப் பீய்ச்ச வேண்டியதாயிற்று. அடுத்த சில வாரங்களில் அதே ரயன் டே தேசியப் பட்டம் வென்று தந்தார். தோற்ற பயிற்சியாளரைக் கேள்வி கேட்க ரசிகருக்கு முழு உரிமை உண்டு. அவர் பிள்ளைகள் உறங்கும் வீட்டை மிரட்டுவது குற்றம். பாரம்பரியத்தின் பெயரால் அதற்கு மன்னிப்பு கிடையாது.

பயிற்சியாளரை நியமிக்கும் பல்கலைக்கழகங்கள் முதல் நாளே இந்த ஆட்டத்தின் வரலாற்றை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் தோற்ற நாளில், மிரட்டியவர்களை அடையாளம் கண்டு காவல்துறையிடம் ஒப்படைப்பதும், அரங்க வாசலை அவர்களுக்கு நிரந்தரமாக மூடுவதும் அதே பல்கலைக்கழகங்களின் பொறுப்பு.