வலிக்காரருக்கு வேண்டியது நேரம்

முழங்கால் வலி, இடுப்பு வலி, தூக்கமின்மை, மனஅழுத்தம் எதுவானாலும் ரெய்கியோ பிராணிக் ஹீலிங்கோ தீர்த்துவிடும் என்ற விளம்பரங்கள் பெருகிவிட்டன. மருந்து வேண்டாம், உடலைச் சுற்றியுள்ள உயிராற்றலைச் சீர்செய்தால் போதும் என்கிறார்கள். இவர்களை நாடிப் போகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்கி, வயிற்றில் புண்ணோடும் கெட்டுப்போன சிறுநீரகத்தோடும் தவிப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மருந்தில்லாத வழி கிடைக்குமா என்று தேடுவது நியாயமான தேடல். அதற்குக் கிடைக்கும் பதில்தான் நேர்மையாக இல்லை.

உயிராற்றலை அளக்கும் கருவியை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதனால் அது இல்லை என்று ஆகிவிடாது என்பது இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் வாதம். ஆனால் அதைச் சோதிக்கக் கருவியே தேவைப்படவில்லை. நோயாளியின் உடலைத் தொடாமல் மேலே கைகளை நகர்த்தி ஆற்றலைச் சீராக்குவதாகச் சொல்லும் ஒரு சிகிச்சை அமெரிக்கச் செவிலியர்களிடையே பரவியிருந்தது. எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி அந்தச் சிகிச்சையைச் செய்யும் 21 பேரிடம், ஓர் அட்டைத் திரைக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவர்களுடைய ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையை வைத்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாகியிருக்கும். 280 முயற்சிகளில் அவர்கள் சரியாகச் சொன்னது 44 சதவீதம். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. தினமும் உணர்வதாகச் சொல்லும் ஆற்றலை அவர்களாலேயே உணர முடியவில்லை.

அப்படியானால் பலன் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. உடலில் ஆற்றல் பாதைகள் ஓடுவதாகச் சொல்லும் இன்னொரு முறை அக்குபஞ்சர். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரிடம் நடந்த அக்குபஞ்சர் ஆய்வு 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்தது. சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஆற்றல் ஓடும் பாதை என்று சொல்லப்படும் இடத்தில் குத்தினாலும் குத்தாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் பலமுறை அருகில் அமர்ந்து, கவனித்து, குணமாகும் என்ற எதிர்பார்ப்பைத் தந்ததில் வலி குறைந்திருக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. வலி என்பது மூளை எடுக்கும் முடிவும்கூட. அச்சம் தணிந்தால் அதன் கூர்மையும் தணியும்.

குணமானால் சரி, காரணம் எதுவானால் என்ன என்று சிலர் கேட்கலாம். முதுகு வலி சில நேரம் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கும். நெஞ்செரிச்சல் மாரடைப்பாகவும் இருக்கலாம். ஆற்றல் அடைப்பு என்று காரணம் சொல்லப்பட்டவர் பரிசோதனைக்குப் போகாமல் இழக்கும் மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது. பொய் இல்லாவிட்டால் நம்பிக்கை வேலை செய்யாது என்பதும் உண்மையல்ல. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சக் குழுவினர், குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரில் ஒரு பிரிவினருக்கு, இதில் மருந்தே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை பெறாதவர்களில் 35 சதவீதம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி நம் மருத்துவமனைகளை நோக்கியது. 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல் என்றும் இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம் என்றும் காட்டியது. 2 நிமிடத்தில் வலியின் பெயரைக்கூடச் சொல்லி முடிக்க முடியாதவர், ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்பவரிடம் போவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மருந்தில்லாத வலி நிவாரணத்துக்கு அரசு ஏற்கெனவே திறந்துவைத்திருக்கும் வாசல் அது. பிசியோதெரபிஸ்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வலிக்கென்றே தனி ஓ.பி. நேரம் ஒதுக்கி, உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்ய வேண்டும். புற்றுநோயையும் சர்க்கரை நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவர்கள் மீது, 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின்கீழ் தயங்காமல் வழக்குத் தொடர வேண்டும்.