பூனை உணவுப் பையின் பின்பக்கம்

 

பிஸ்கட்டோ ஐஸ்கிரீமோ வாங்கினால் உறையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. ஜெலட்டின் கலந்திருக்கிறதா, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பிள்ளைகள்கூடக் கேட்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே வீட்டில் வளரும் பூனைக்கு வாங்கும் உணவுப் பையைத் திருப்பிப் பார்ப்போர் மிகக் குறைவு. முன்பக்கத்துப் படமும் விலையுமே நமக்குப் போதுமானவையாக இருக்கின்றன. இந்த அலட்சியம் சரியன்று என்பதே என் கருத்து.

பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானாக இரை தேடிக்கொள்ள விடவும் இல்லை. இதன் இரண்டாவது பகுதியை, அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்போர் சிந்திக்க வேண்டும். இரை தேடும் வழியை நாம் அடைத்துவிட்டால், உணவின் பொறுப்பு முழுவதும் நம் மீது வந்துவிடுகிறது. நாம் நாளுக்கொரு வகை உண்கிறோம்; அதுவோ ஒரே வகைப் பையிலிருந்து ஆண்டுக்கணக்கில் உண்கிறது. அதில் சிறிதளவு கலந்திருக்கும் பொருளும் நாள்தோறும் அதன் உடலுக்குள் செல்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். உலர்ந்த பூனை உணவில் கொழுப்பு உண்டு. காற்றுப் பட்டால் அது சிக்கு வாடை அடித்துக் கெட்டுப்போகும். கெட்ட கொழுப்பும் பிராணிக்குத் தீங்கே. ஆகவே பதப்படுத்தும் பொருள் எதுவுமே கூடாது என்று சொல்வது அறிவுடைமையாகாது. பி.எச்.ஏ. என்ற பொருளை மிக அதிக அளவில் உண்ட எலிகளுக்கு முன் இரைப்பையில் கட்டிகள் தோன்றின என்பது உண்மை. பூனைக்கும் நாய்க்கும் அந்த முன் இரைப்பையே இல்லை என்பதும் உண்மை. அச்சமூட்டும் வாட்ஸ்அப் செய்திகள் முதல் பாதியை மட்டுமே சொல்கின்றன.

ஆயினும் எல்லா ஐயங்களும் வெறும் அச்சம் அல்ல. எத்தாக்ஸிக்வின் என்ற பொருள் 1950களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. பேரிக்காயின் தோல் கருக்காமல் இருக்கவும் அதைப் பூசுவர். நாய்களிடம் நடத்திய ஆய்வில் கல்லீரலில் மாற்றங்கள் தென்பட்டதால், நாய் உணவில் அதன் உச்ச அளவைப் பத்து லட்சத்தில் 150 பங்கிலிருந்து 75 பங்காகத் தாமாகவே குறைத்துக்கொள்ளுமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அதற்கான அனுமதியை நிறுத்திவைத்து, 2022இல் மறுத்தேவிட்டது. தீங்கு முற்றாக நிரூபணமானதால் அன்று; பாதுகாப்பானது என்பதை நிறுவப் போதிய சான்று அளிக்கப்படாததால். மீன்தூள் கப்பலில் தானே சூடேறித் தீப்பற்றாதிருக்கவும் இப்பொருளைச் சேர்ப்பதுண்டு. அந்த மீன்தூளை வாங்கிச் செய்த உணவின் பையில் இதன் பெயர் அச்சிடப்படாமலும் போகலாம்.

மற்றொன்று புரோப்பிலீன் கிளைக்கால். இது உணவின் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையைத் தடுக்கும். நாய் உணவில் இதற்கு அனுமதி உண்டு. பூனையின் சிவப்பணுக்களையோ இது பாதிக்கிறது. ஆதலால் 1996இல் அமெரிக்கா பூனை உணவில் இதைத் தடைசெய்தது. நாய்க்கு ஏற்றது பூனைக்கும் ஏற்றது என்று எண்ணி மலிவான நாய் உணவை வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

“பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை தாமே, ஏன் இவ்வளவு கேள்வி?” எனச் சிலர் கேட்கலாம். இவற்றை ஹராம் என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. நான் பேசுவது வணிகத்தின் நேர்மையைப் பற்றி. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டார்கள். உள்ளே இருப்பதை அறிந்தவர் விற்பவர், அறியாதவர் வாங்குபவர். சொல்லும் கடமை அறிந்தவருடையது. பூனையோ அறியவும் இயலாது, புகார் சொல்லவும் இயலாது. நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கால்நடைத் தீவனம் சேரவில்லை. நாம் உண்ணும் உணவுக்கு அச்சட்டம் தரும் காவல் அதன் தட்டுக்கு இல்லை. எனவே கேட்க வேண்டியவர்கள் நாமே.

செய்யத்தக்கவை எளியவை. பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். டோக்கோஃபெரால் எனப்படும் வைட்டமின் ஈ வகையால் பதப்படுத்திய உணவு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது விரைவில் கெடும் என்பதால் சிறிய பையாக வாங்குங்கள். பெரிய மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும் உணவில் பொருள் பட்டியலும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை, அதைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கியதைக் காற்றுப் புகாமல் மூடிவையுங்கள்.

“கடை உணவே வேண்டாம், வீட்டு மிச்சமே போதும்” என்பதும் தீர்வன்று. நம் சால்னாவிலும் பிரியாணியிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. உப்பும் மசாலாவும் இன்றி அவித்த மீனோ கோழியோ இடையிடையே தரலாம்; அதையே முழு உணவாக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

வாயில்லா ஜீவன் நம் கையில் உள்ள அமானிதம். அடுத்த முறை அந்தப் பையை வாங்கும்போது, பிஸ்கட் உறையைப் படிக்கும் உங்கள் பிள்ளையிடமே அதையும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஹலாலைத் தேடும் கண், இரக்கத்தையும் தேடப் பழகட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.